கயிற்றுக்கு இப்பால்

நுழையும் முன்
விளையாட்டில் ஆடுபவருக்கு விதிகள் உண்டு. அவற்றை மீறினால் நடுவர் தண்டிப்பார். பார்ப்பவருக்கும் விதி உண்டா? தன் பிழை ஒன்றிலிருந்து இக்கேள்விக்கு விடை கண்ட ஓர் ஆசிரியரின் அனுபவமே இக்கட்டுரை.

மாற்றல் ஆணை வரும்போதெல்லாம் பெட்டி கட்டும் வாழ்க்கை என்னுடையது. கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்த நான், தமிழ் கற்பிக்கும் பணியின் பொருட்டு மாநிலம் மாநிலமாகச் சென்றுகொண்டிருக்கிறேன். எந்த ஊருக்குச் சென்றாலும் என் புத்தகப் பெட்டியும் என் பழைய மிதிவண்டியும் உடன் வந்துவிடும். அந்த மிதிவண்டியின் மீதுள்ள பற்று, தொலைக்காட்சியில் மிதிவண்டிப் பந்தயம் பார்க்கும் பழக்கமாக வளர்ந்தது. மகாராட்டிரத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், மாலை வேளைகளில் என் மகளும் என்னருகே அமர்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

பிரான்சு நாட்டில் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் பந்தயத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1903ஆம் ஆண்டு தொடங்கிய இப்பந்தயம் இன்று மூன்று வாரங்கள், 21 கட்டங்களாக நடைபெறுகிறது. வீரர்கள் கடக்கும் தொலைவு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். இதற்கெனத் தனி மைதானம் இல்லை. நாள்தோறும் மக்கள் நடமாடும் சாலையே பந்தயக் களம். சாலையோரம் நின்று பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டும் இல்லை. உழவர் வயலிலிருந்து வருவார். முதியோர் நாற்காலியோடு வருவர். சிறுவர் மதிலேறி அமர்வர். வீரர் கைக்கெட்டும் தொலைவில் கடந்து செல்வார்.

நம் ஊர்த் தேர்த்திருவிழாவும் இப்படிப்பட்டதே. மக்கள் இருக்கும் வீதிக்கே தேர் வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேர் அசைந்து அசைந்து வரும். விலகி நிற்க நமக்கு நேரம் தரும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வீரரோ ஒரு நொடியில் பன்னிரண்டரை மீட்டரைக் கடந்துவிடுகிறார். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் நம்மருகே வந்துவிடுவார்.

2021ஆம் ஆண்டு ஜூன் 26. அவ்வாண்டுப் பந்தயத்தின் முதல் நாள். பிரெஸ்ட் நகரில் புறப்பட்ட 184 வீரர்கள் லாந்தெர்னோ என்னும் ஊரை நோக்கி விரைந்துகொண்டிருந்தனர். முடிவிடத்தை அடைய இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. சாலையோரத்தில் மஞ்சள் நிற மேலாடை அணிந்த பெண் ஒருவர் கையில் ஓர் அட்டையைப் பிடித்து நின்றார். அதில் 'தாத்தா, பாட்டி' என்று பொருள்படும் செல்லப் பெயர்களும் உற்சாகமூட்டும் ஒரு சொல்லும் எழுதப்பட்டிருந்தன. ஒளிப்படக்கருவியில் அட்டை தெரியவேண்டும் என்னும் ஆவலில் அவர் வீரர்களுக்கு முதுகு காட்டி, அட்டையைச் சாலைக்குள் நீட்டினார். திரளின் முன்பகுதியில் வந்த செர்மானிய வீரர் டோனி மார்ட்டின் அதில் மோதிச் சரிந்தார். அவர் மீது அடுத்தவர், அவர் மீது அடுத்தவர் எனச் சற்று நேரத்தில் சாலை முழுவதும் வீரர்களும் வண்டிகளுமாய்க் குவிந்தது. யாஷா சுட்டர்லின் என்னும் வீரர் காயத்தால் முதல் நாளே பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது.

ஓர் அட்டை இத்தனை பேரை வீழ்த்துமா என்று நீங்கள் வியக்கலாம். வேகமாகச் செல்லும் வீரருக்குப் பெருந்தடை காற்றே. முன்னே செல்பவரின் பின்னால் ஒண்டிச் சென்றால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தலாம். ஆகவே வீரர்கள் சக்கரத்தோடு சக்கரம் உரசும் அளவுக்கு நெருங்கித் திரளாகச் செல்கின்றனர். பின்னால் வருபவர் காண்பது முன்னவர் முதுகை மட்டுமே. சாலை அவர் கண்ணுக்குத் தெரியாது. சாலையைத் தொடும் சக்கரத்தின் அகலமோ நம் இரு விரல்களின் அகலத்தை ஒத்தது. முன்னால் ஒருவர் வீழ்ந்தால் பின்னவருக்கு விலக இடமும் இல்லை, நிறுத்த நேரமும் இல்லை. ஒருவரையொருவர் காக்கும் அந்நெருக்கமே விபத்தின்போது ஒருவரையொருவர் வீழ்த்திவிடுகிறது.

அன்று நான் தொலைக்காட்சியின் முன் கடுமையாகப் பேசினேன். "சாலையைப் பார்க்கவும் தெரியாத மனிதர்!" என்றேன். என் மகள் சற்று நேரம் அமைதியாக இருந்தாள். பிறகு, "அப்பா, அவங்க தாத்தா பாட்டி டிவியில பாப்பாங்கன்னுதானே காட்டினாங்க?" என்று கேட்டாள். நான் மறுமொழி கூறவில்லை.

உலகமே என்னைப் போலத்தான் பேசியது. இணையத்தில் அப்பெண்ணின் மீது வசை பொழிந்தது. பந்தய அமைப்பாளர் முதலில் வழக்குத் தொடுப்பதாக அறிவித்தனர். சில நாள்களில், பதற்றம் தணியட்டும் என்று கருதி அதைத் திரும்பப் பெற்றனர். இறுதியில் பிரெஸ்ட் நகர நீதிமன்றம் அப்பெண்ணுக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது. வீழ்ந்த வீரர்களின் சார்பில் வழக்கில் சேர்ந்த வீரர் சங்கம் இழப்பீடாகக் கேட்டது எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு யூரோ! பணம் அவர்களுக்குப் பெரிதன்று. பிழை பிழையே என்று பதிவாக வேண்டும்; பிழை செய்தவர் அழிந்துவிடக் கூடாது. அந்த ஒரு யூரோவின் பொருள் இதுவே என நான் எண்ணினேன்.

பார்வையாளரால் நேர்ந்த விபத்து அது ஒன்று மட்டுமன்று. 1994ஆம் ஆண்டு ஆர்மான்டியேர் என்னும் ஊரில், கூட்டத்தைக் காக்க நின்ற காவலர் ஒருவரே படமெடுக்கும் ஆர்வத்தில் சாலைப்பக்கம் சாய்ந்தார். முழு வேகத்தில் வந்த வீரர் அவர் மீது மோத, பலர் வீழ்ந்தனர். லாரன் ஜலபேர் என்னும் வீரருக்கு முகத்தில் பலத்த காயம். 1999ஆம் ஆண்டு ஆல்ப் துவெஸ் மலையில், படமெடுக்கச் சாலையின் நடுவே நின்ற ஒருவர் முன்னணியில் வந்த இத்தாலிய வீரர் ஜூசெப்பே குவெரினியை வீழ்த்திவிட்டார். குவெரினி எழுந்து, வண்டியேறி, அன்றைய கட்டத்தை வென்றார். 2016ஆம் ஆண்டு வான்டூ மலையில் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டது. வழியின்றி ஒரு மோட்டார் வண்டி நின்றது. பின்னால் வந்த வீரர்கள் அதன் மீது மோதினர். மஞ்சள் சட்டை அணிந்திருந்த கிறிஸ் ஃபுரூம், வண்டி உடைந்த நிலையில், மலைச்சாலையில் கால்நடையாகவே ஓடிய காட்சியை உலகம் கண்டது.

இவர்களுள் ஒருவரும் வீரர்களுக்குத் தீங்கு நினைத்தவர் அல்லர். அன்பினால் வந்தவர்கள், அருகில் செல்ல விரும்பியவர்கள். அருகில் செல்லும் ஆசையே அவர்களை எல்லை கடக்கச் செய்தது.

'சாலை முழுவதும் தடுப்பு வைத்துவிடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். முடிவிடத்தை ஒட்டிய பகுதியில் தடுப்புகள் வைக்கத்தான் செய்கின்றனர். ஆனால் சில நாள்களில் 200 கிலோமீட்டரையும் தாண்டி நீளும் சாலையின் இருபுறமும் வேலி கட்ட இயலுமா? மேலும், சரியாக அமையாத தடுப்பே ஆபத்தாகவும் மாறும். 2020ஆம் ஆண்டு போலந்து நாட்டின் கட்டோவிட்சே நகரில், முடிவிடத்துக்கு அருகே ஒரு வீரர் தம் பாதையிலிருந்து விலகி நெருக்க, ஃபாபியோ யாகோப்சன் என்னும் நெதர்லாந்து வீரர் தடுப்பின் மீது மோதினார். தடுப்புகள் பிரிந்து சிதறின. உயிருக்குப் போராடிய அவர் தேறி, 2022ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்றார். அவ்விபத்துக்குப் பின் தடுப்புகளின் தரம் பற்றிய விதிகள் கடுமையாயின. விதிகள் வேண்டும், நல்ல தடுப்புகளும் வேண்டும். ஆனால் தடுப்பில்லாத நெடுஞ்சாலையில் வீரரைக் காப்பது, ஓரத்தில் நிற்பவரின் தன்னடக்கமே.

இவையெல்லாம் நான் அறிந்தவை. அறிந்திருந்தும் நான் செய்ததை இனிக் கூறுகிறேன்.

2023ஆம் ஆண்டு சனவரி மாதம். சாலைப் பாதுகாப்பு வாரத்தை ஒட்டி எங்கள் பள்ளியில் மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புச் சாலையே களம். சாலையோரம் கயிறு கட்டி, "கயிற்றைத் தாண்டாதீர்கள்" என்று காலை முழுவதும் மாணவர்களுக்குச் சொன்னவன் நான்தான். என் மகளும் பந்தயத்தில் இருந்தாள். ஊரில் இருந்த என் தாயார் முதல் நாளிரவு தொலைபேசியில், "பேத்தி வண்டி ஓட்டுறத எனக்கும் காட்டுப்பா" என்று கேட்டிருந்தார். அவர் பேத்தியை நேரில் பார்த்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

கடைசிச் சுற்று. வளைவில் வண்டிகள் தோன்றின. நான் கைப்பேசியை உயர்த்தினேன். திரையில் மகள் தெரியவில்லை. முன்னால் வந்தவர்கள் மறைத்தனர். கயிற்றைத் தூக்கி ஓரடி முன்னே வைத்தேன். ஓரடிதான். என் கண் தேடியது என் மகளை மட்டுமே. முதலில் வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் என் தோளைத் தவிர்க்க வண்டியை ஒடித்தான். சக்கரம் வழுக்கியது. அவன் தோள்பட்டை தரையில் மோதிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

காறை எலும்பு முறிந்திருந்தது. மறுமாதம் நடைபெறவிருந்த மண்டல அளவிலான தடகளப் போட்டிக்கு அவன் ஓராண்டாகப் பயிற்சி செய்திருந்தான். அதில் அவன் கலந்துகொள்ள இயலவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல் தேநீர் தந்தார். அது கடிந்துகொள்வதைவிடக் கடினமாக இருந்தது. கையைத் தூளியில் கட்டியிருந்த அம்மாணவன் சொன்னான்: "சார், நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை."

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன் தொலைக்காட்சியின் முன் நான் கூறிய கடுஞ்சொல் அப்போது என்னிடமே திரும்பி வந்தது. அட்டை பிடித்த அப்பெண்ணும் நானும் ஒன்றே. இருவரும் தொலைவில் இருக்கும் முதியோருக்காகவே கை நீட்டினோம். இருவரும் அருகில் வந்தவரைக் காணத் தவறினோம்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அம்மாணவனிடம், "உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். அவன் சிறிது யோசித்து, "அடுத்த ஆண்டு நான் மறுபடியும் ஓட்டுவேன். அந்த வளைவில் கயிற்றை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்" என்றான். அவன் என்னிடம் கேட்ட ஒரு யூரோ அதுதான்.

அடுத்த ஆண்டு அவ்வாறே செய்தேன். கைப்பேசியை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு, இரு கைகளாலும் கயிற்றைப் பிடித்து நின்றேன். முந்தைய ஆண்டு காணாததை எல்லாம் அன்று கண்டேன். மூச்சின் வேகத்தைக் கேட்டேன். வளைவில் வண்டிகள் சாய்ந்து நிமிர்வதைக் கண்டேன். அவன் என்னைக் கடந்தபோது என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அவன் இரண்டாவதாக வந்தான். என் மகள் ஏழாவதாக வந்தாள்.

அன்றிரவு என் தாயார், "படம் எடுத்தியா?" என்று கேட்டார். "இல்லை அம்மா" என்றேன். உடனே மகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டு, "அப்பாயி, நான் சொல்றேன் கேளுங்க" என்று தொடங்கினாள். புறப்பட்டது, வளைவு, காற்று, சங்கிலி கழன்றது, மாட்டிக்கொண்டு மீண்டும் ஓட்டியது என அனைத்தையும் தமிழில் சொன்னாள். நடுவே சொல் கிடைக்காமல் தடுமாறியபோது பாட்டி சொல் எடுத்துக் கொடுத்தார். அரைமணி நேரத்துக்குப் பின் என் தாயார் சொன்னார்: "நேருல பாத்த மாதிரியே இருக்குப்பா."

மாணவர்களே, உங்கள் தாத்தாவும் பாட்டியும் தொலைவில் இருக்கலாம். அவர்களுக்குக் காட்ட வேண்டியவை உங்களிடம் நிறைய இருக்கும். காட்டுங்கள், சொல்லுங்கள். ஆனால் பந்தயம் வரும் வேளையில் கயிற்றுக்கு இப்பால் நின்று, வருபவரைப் பாருங்கள்.