நாலு தவ்

எங்கள் அப்பாவிடம் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்குக் கடலைக்காடு. காட்டுப்பன்றி விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். அவர் சுட்டு நான் பார்த்தது இரண்டே முறை, அதுவும் வானத்தைப் பார்த்து. தேர்தல் வந்தால் அதைக் கோணிச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். முடிவு வந்தபின் போய் வாங்கி வருவார். எங்களைத் தொடவே விட்டதில்லை. அவர் காலமானதும் லைசென்ஸை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குப் போன துப்பாக்கி அப்படியே போய்விட்டது.

அறுபத்தேழு வயதில் ஹூஸ்டன் வீட்டு காரேஜில் உட்கார்ந்து ஏன் ரைபிள் செய்தாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இன்னொரு காரணமும் உண்டு. கோயமுத்தூர் டூல் ரூமில் தொடங்கி, 1988-ல் இங்கே வந்து எண்ணெய்க் கிணற்றுக்கான பாகங்கள் செய்யும் பட்டறையில் முடிந்த என் கைகள், ரிட்டயர் ஆனபின் சும்மா இருக்க மறுத்தன. தோட்டக் குழாயை எத்தனை முறைதான் மாற்றுவது?

செய்தேன் என்றதும் நான் இரும்பை உருக்கி வார்த்ததாக நினைக்க வேண்டாம். இங்கே 1968-ம் வருடத்துச் சட்டப்படி சீரியல் நம்பர் உள்ள ரிசீவர்தான் துப்பாக்கி. பேரல், கட்டை, மற்றதெல்லாம் உதிரி பாகம், தபாலில் வீட்டுக்கே வரும். ரிசீவரை மட்டும் லைசென்ஸ் உள்ள கடையில் போய், 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ. சரிபார்த்துச் சரி என்ற பிறகே வாங்க முடியும். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்தால் ஆயுதச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான்.

போல்ட் ஆக்‌ஷன் என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள். தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கு. மடக்கியதும் போல்ட்டின் முனையில் உள்ள இரண்டு காதுகள் ரிசீவருக்குள் பூட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது முகத்துக்கும் அந்த வெடிப்புக்கும் நடுவில் நிற்பவை அந்த இரண்டு காதுகள்தான். நான் எடுத்தது .308 தோட்டா. அதற்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்கு வாத்தியார். எழுபத்தெட்டு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சாவேஜ் 110 ரிசீவர் வாங்கு என்றார். 1958-ல் வந்த மாடல். அதில் பேரலைத் திருகி, ஒரு பெரிய நட்டால் இறுக்குகிற ஏற்பாடு. லேத் இல்லாதவனும் பேரல் மாட்டலாம். எனக்கே லேத்தில்லாத வேலையா என்று மனசுக்குள் ஒரு குறை.

வால்நட் கட்டையில் மூன்று மாதம் போனது. உளியும் அரமும் உப்புத்தாளுமாக ரிசீவர் உட்காரக் குடைந்து, ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஊறவைத்தேன். ரிசீவர் ஆடாமல் உட்கார எபாக்ஸி ஊற்றுவார்கள். அதற்குமுன் ரிசீவர் முழுக்க மெழுகு பூசாவிட்டால் கட்டையோடு ஒட்டிக்கொண்டு ஜென்மத்துக்கும் வராது. ஷூ பாலிஷை நான்கு தடவை பூசினேன். வந்துவிட்டது. அன்று என் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "ஏனுங்க, இது நமக்குத் தேவைங்களா?" என்றாள். ஆரம்பித்த நாளிலிருந்து அதே கேள்விதான்.

கடைசி வேலை பேரல். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் தோள் போய் முட்டும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அதை அளக்க கோ கேஜ், நோ-கோ கேஜ் என்று இரண்டு. முதலாவதை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதை வைத்தால் மூடக்கூடாது. .308-க்கு ஒன்று 1.630 அங்குலம், மற்றது 1.634. நடுவில் நாலு தவ், அதாவது ஒரு தலைமுடி கனம். கேஜைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பம்ப் பாகங்களுக்குக் கோ, நோ-கோ போட்டே தலை நரைத்தவன் நான். இதில் எனக்குப் பாடமா?

கோ கேஜை வைத்து போல்ட்டை மூடி, பேரல் முட்டும்வரை திருகி, நட்டை ரெஞ்ச் போட்டு இறுக்கினேன். முடிந்தது. மறுநாள் காலை சுடும் மைதானத்துக்குப் போவதாக ஏற்பாடு. பதினாலு வயதுப் பேரனும் வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். "இறுக்கிய பிறகு அளந்தாயா?" என்றார். இறுக்குவதற்கு முன்பே அளந்தாயிற்று என்றேன். "அது கேட்கவில்லை" என்றார். எனக்குக் கோபம். அவரைத் திருப்திப்படுத்தத்தான் நோ-கோ கேஜை எடுத்து உள்ளே வைத்தேன்.

போல்ட் மூடிக்கொண்டது. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி.

இரண்டு தப்பு செய்திருந்தேன். போல்ட்டில் ஸ்பிரிங் வைத்த எஜெக்டரைக் கழற்றாமலே அளந்ததால், அது கேஜை முன்னால் தள்ள, பேரல் முட்டிவிட்டதாகக் கை நம்பிவிட்டது. நட்டை இறுக்கியபோது மரையில் இருந்த லூஸ் அளவுக்குப் பேரல் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. முதல் தோட்டாவிலேயே வெடித்துச் சிதறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடம் அதிகமானால் பித்தளைக் கூடு இழுபட்டு அடிப்பக்கம் கிழியலாம். கிழிந்தால் அந்த வாயு வருகிற திசையில் என் முகம். பக்கத்தில் அவன்.

கோயமுத்தூரில் சின்னப் பையன்கள் மெல்லிய வளையத்தைச் சக்கில் பிடித்துக் கடைந்து, பிடித்தபடியே அளந்துவிட்டு "சைஸ் வந்துருச்சுங்கண்ணா" என்பார்கள். கழற்றினால் அது முட்டையாக இருக்கும். பிடிப்பு மாறினால் அளவு மாறும்டா, கடைசியா இருக்கிற நிலையில அளடா என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஒருவனை அழ வைத்ததுகூட ஞாபகம் வந்தது. அவன் பெயர் மறந்துவிட்டது, முகம் மறக்கவில்லை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நட்டைத் தளர்த்த ரெஞ்சை எடுத்துக் கொடுத்தார். எஜெக்டரைக் கழற்றி, திரும்பத் திருகி, இறுக்கி, அளந்து, சரியில்லாமல் மறுபடி தளர்த்தி, இறுக்கி, ராத்திரி பத்தரை ஆனது. கோ கேஜில் மூடியது. நோ-கோ கேஜில் பாதியிலேயே நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து தடவை போட்டுப் பார்த்தேன்.

மறுநாள் பேரனை அழைத்துப் போகவில்லை. அவன் இரண்டு நாள் பேசவில்லை. முதல் குண்டை ரைபிளைத் தாங்கியில் கட்டி, ட்ரிகரில் கயிறு போட்டு, தள்ளி நின்று இழுத்தோம். வெளியே வந்த கூட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் தோளில் வைத்தேன். நூறு கெஜத்தில் மூன்று ஓட்டைகள், ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கு அதுதான் பாராட்டு.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மைக்ரோமீட்டர், அரம், உளி எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் பரப்பினேன். ரைபிளையும் வைக்கப் போனேன். மனைவி தடுத்தாள். "இது உங்க தொழில் கருவிங்களா?" என்றாள். என்னிடம் பதிலில்லை. பொரி, கடலை, பழம் எல்லாம் வைத்தாள். பிறகு காரேஜுக்குப் போய் அந்த இரண்டு கேஜ்களையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள்.