கடைசிக் குழாய்

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சுற்றுவட்டாரச் சாமிகளும் வந்து சேரும். ஆற்று மணல் முழுக்கத் தலைகளாகத் தெரியும். அதற்கு முந்தின நாளே சாலையின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த கோடு, மார்கழிக் கோலம் போல நேர்த்தியாக இருக்கும். பார்க்கிற ஜனங்கள், "இந்த வருஷம் சுகாதார ஏற்பாடு நல்லா இருக்கு" என்று மெச்சிக்கொள்வார்கள்.

இந்த வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். காய்ந்த மண்ணில் தூவிய பவுடரால் யாருக்கும் பயனில்லை. வெயில் ஏற ஏறக் குளோரின் போய்விடும், மிஞ்சுவது சுண்ணாம்பு. அந்த மூட்டை போயிருக்க வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டி. பணியில் இருந்தபோது இதை ஒரு மேலதிகாரியிடம் சொன்னேன். "பெரியவங்க வர்ற வழிய்யா, பார்வைக்கு ஏதாவது இருக்கணும்" என்றார். பார்வைக்கு இருந்தது.

சில நாட்களுக்கு முன் இளைய ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர். கைபேசியில் ஒரு படம் காட்டினார். மேல்நிலைத் தொட்டியின் ஏணியடியில், தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் குளோரோஸ்கோப்பைக் கையில் பிடித்து நிற்கிறார். நல்ல மஞ்சள் நிறம்.

"கடைசிக் குழாய்ல எவ்வளவு இருந்துச்சு தம்பி?" என்று கேட்டேன்.

"அங்க எங்க சார் போறது? டேங்க்லயே ஒரு பி.பி.எம். காட்டுது. போட்டோ ஏத்தியாச்சு."

அவருக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் குரலை உயர்த்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூட்டையின் மேல் அச்சடித்த 33 சதவீதக் குளோரின், சரக்கு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் கணக்கு. தகரக் கொட்டகையில் வாய் திறந்து கிடந்த மூட்டைக்கு அது பொருந்தாது. நல்ல பவுடர் உதிரியாக இருக்கும், முகர்ந்தால் மூக்கில் ஏறும். கெட்டுப்போனது ஈரம் கோத்துக் கட்டி தட்டியிருக்கும், வெறும் சுண்ணாம்பு வாடைதான் வரும். அதில் 120 கிராம் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று.

பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பவுடரைக் கூழாகக் குழைக்க வேண்டும். பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, கால் மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மட்டும் இறுத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டு அடுத்த நிமிடம் தண்ணீர் விடும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு மேல் இருந்த மூத்த ஆய்வாளர். பெயர் போட்டு எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அம்மை குத்துகிறவராக வேலையைத் தொடங்கியவர். இந்தியாவில் பெரியம்மை கடைசியாக 1975-இல் காணப்பட்டது, 1977-இல் நாடு அம்மையற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்த ஓட்டத்தில் ஓடிய கால்கள் அவருடையவை.

ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டே 'இவ்வூரில் அம்மை இல்லை' என்று எழுதிவிட்டுப் போனவர்களைப் பற்றி அவர் கோபத்தோடு சொல்வார். அவர் அப்படிச் செய்ததில்லை. காலனியின் கடைக்கோடி வீடு வரை நடப்பார். வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆத்தா வந்திருக்கிறாள் என்று பிள்ளையை உள்ளறையில் படுக்கவைத்திருந்தால், அந்த வீட்டுப் பாட்டியிடம் ஆத்தாளைப் பற்றியே பேசிப் பேசி உள்ளே போய்ப் பார்த்துவிடுவார். "ஊருல நோய் இருக்கா இல்லையான்னு முதல் வீடு சொல்லாது தம்பி, கடைசி வீடுதான் சொல்லும்" என்பார். அம்மை ஒழிந்த பிறகு அந்தப் பாடத்தைத் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டார். முதல் குழாயில் அவர் சோதனை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் மழை பிடித்தால் போதும், கடைசித் தெருவில் வாந்தி பேதி வந்துவிடும். ஊர்த்தெருவில் ஒருவருக்கும் இருக்காது. தொட்டியில் குளோரின் சரியாக இருக்கும். ஆபரேட்டரும் பொறுப்பானவர். "அவங்க சுத்தம் அப்படி சார்" என்று ஊர்த்தெருவில் சொன்னார்கள். மூத்தவர் அதைக் கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் விடுவதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக என்னை அழைத்துக்கொண்டு போனார்.

தண்ணீர் வரத் தொடங்கியதும் குழாய் குழாயாக நடந்தோம். ஒவ்வொரு குழாயிலும் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, குளோரோஸ்கோப்புக் குழலில் பிடித்து, ஓ.டி. (ஆர்த்தோடோலிடின்) சொட்டு விட்டோம். ஊர்த்தெருவில் விட்ட மாத்திரத்தில் மஞ்சள் ஏறியது. நடுத்தெருவில் வெளிறியது. கடைசித் தெருவில் நிறமே இல்லை. நான் குழலைக் கவிழ்க்கப் போனேன். "இரு, கொட்டாதே" என்று கையைப் பிடித்தார். சில நிமிடம் கழித்து அதில் மெல்ல ஒரு மஞ்சள் படர்ந்தது. "சொட்டு விட்ட உடனே ஏறினா அது வேலை செய்யற குளோரின். இப்படி ஆற அமர ஏறினா, வர்ற வழியில ஏதோ அழுக்கோட சேர்ந்து பலம் போன குளோரின். சாக்கடை எங்கேயோ கலக்குது" என்றார்.

அந்த எங்கேயோவைக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆனது. குழாய் போன வழியெல்லாம் நடந்தோம். ஊர்த்தெருவில் இரண்டு வீடுகளில் குடிநீர் இணைப்பிலேயே மோட்டார் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதனால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏறாததால் அங்கே இருந்தவர்கள் குழாயடியில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைத் தாழ இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் தெருத் தண்ணீர் நிற்கும், குழாயின் வாய் அதில் முழுகும். தொட்டியில் வால்வை மூடியதும் காலியாகிற குழாய், குழியில் இருந்ததை உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாததற்கு, கழிவுநீர்க் கால்வாயைக் குழாய் கடக்கிற இடத்தில் விட்டுப்போன இணைப்பைச் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

குழியை மூடச் சொன்னோம். "மூடினா தண்ணி எப்படி சார் ஏறும்? நீங்க வந்து தூக்கிக் குடுப்பீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மோட்டார் வைத்த வீட்டுக்காரர் செல்வாக்குள்ளவர், எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினார். மோட்டார் அப்படியே இருந்தது. மூத்தவர் எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். கடைசியில் அந்தத் தெருவுக்குத் தனி வால்வு வைத்தார்கள். முதலில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர், பிறகு ஊர்த்தெருவுக்கு என்று முறை மாறியது. இணைப்பை மாற்றினார்கள், குழிகளை அந்தத் தெருக்காரர்களே மண் போட்டு மூடினார்கள். அடுத்த மழைக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் குளுக்கோஸ் ஏற்ற வரவில்லை. மருந்து மாத்திரை எதுவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. அதே தொட்டி, அதே 120 கிராம்.

கடைசிக் குழாய் எந்த ஊரிலும் யார் தெருவில் இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. குழாய் போடும்போது எங்கிருந்து தொடங்கி எங்கே முடிப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தொட்டியடியில் எடுத்த படம் அந்தத் தெருவை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மூத்தவர் அடிக்கடி ஹாம்பர்க் கதை சொல்வார். 1892-இல் ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு நகரங்கள் ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும். இரண்டுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர். ஆல்டோனா மணலில் வடிகட்டிக் குடித்தது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. காலராவில் ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் செத்தார்கள். எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், மறு பக்கம் நோயில்லை. நாங்கள் பார்த்த ஊர்த்தெருவும் கடைசித் தெருவும் அப்படித்தான். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1992-இல், காலராவின் புது வகையான ஓ-139 முதலில் சென்னையில் தெரிந்தது. பழைய வகைக்கு உடம்பில் ஏறியிருந்த எதிர்ப்பு புதியதைத் தடுக்கவில்லை, பெரியவர்களும் விழுந்தார்கள். குளோரினுக்கு அந்தப் பேதம் கிடையாது. தண்ணீரில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தென்பெண்ணை எங்களுக்கு இன்னொரு வேலையும் வைத்திருந்தது. ஓட்டம் நின்றதும் படுகையில் ஆங்காங்கே மணல் குழிகளில் தெளிந்த நீர் தங்கும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு அதில் முட்டையிடும். இந்தக் கரையோர ஊர்களை மலேரியா ஏன் விடாமல் பிடித்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் 1980-களிலேயே ஆராய்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். நாங்கள் அகப்பை எடுத்துக் குழி குழியாக மொண்டு பார்த்தோம், காய்ச்சல்காரர் விரலில் ரத்தத் தடவல் எடுத்தோம். வீட்டுச் சுவரில் வந்துபோன தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போட்டோம். பொய்த் தேதி போட்டால் வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்துவிடுவார். கைபேசிப் படத்தில் அந்தக் காவல் இல்லை.

இன்று கொசு என்றால் புகை. மெஷின் தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு போனால்தான் வேலை நடந்ததாக ஜனங்களும் நம்புகிறார்கள். அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசு சாகும். வீட்டுக்குள் தண்ணீர் டிரம்மில் நெளியும் டெங்குப் புழு அப்படியே இருக்கும், ஒரு வாரத்தில் கொசுவாகி வெளியே வரும். அந்த டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவைப்பதுதான் வேலை. அதற்கு வீட்டுக்குள் போக வேண்டும், பேச வேண்டும், சில வீடுகளில் திட்டு வாங்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பொறுமை குறைந்துவிட்டது.

2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டதை இந்தக் கரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு படுகைக் கிணற்றிலும் பூமிக்கடியில் ஓடும் குழாயிலும் என்ன புகுந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிணற்றை இறைத்து, அதிகக் குளோரின் போட்டு, குழாய்களைக் கழுவிவிட்டு, கடைசிக் குழாயில் நிறம் ஏறும் வரை திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். மெனக்கெட்ட வேலை. படம் எடுத்தால் அழகாக இருக்காது.

நம் சென்னை மாகாணம் 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது. நாட்டுக்கே அது முன்னோடி. அதில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் முதலில் தண்ணீரைப் பார் என்று அன்றைக்கே தெரிந்து எழுதினார்கள். அப்படிப்பட்ட துறையில் வேலை பார்த்தோம் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தத் துறையின் வேலை ஒரு படத்திலும் ஒரு வெள்ளைக் கோட்டிலும் முடிந்துபோவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

இளைய ஆய்வாளர்களுக்குச் சொல்கிறேன். தொட்டியில் எவ்வளவு என்று எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்திலேயே கடைசிக் குழாயில் எவ்வளவு, எந்தத் தெரு, எத்தனை மணி என்றும் எழுதுங்கள். அங்கே 0.2 பி.பி.எம்.முக்குக் குறைந்தால் குழாய் வழியே நடந்து போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் 0.5 இருக்க வேண்டும். உங்கள் மேலதிகாரி அந்த எண்ணைக் கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீரில் மருந்து நாற்றம் அடிக்கிறது என்று சண்டைக்கு வராதீர்கள். அடிக்காத நாளில் வாருங்கள். குடிநீர் இணைப்பில் மோட்டார் வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். உங்கள் தெருவுக்குப் பிறகும் ஒரு தெரு இருக்கிறது.