இராமாபுரத்தில் ஒரு சுவைத் தீர்ப்பு

கொள்ளேகாலத்தினின்று புறப்பட்டு ஹனூரைக் கடந்து சென்றால் இராமாபுரம் வரும். 1956ஆம் ஆண்டு வரை இப்பகுதி கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டமாயிற்று; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். எல்லைக்கோடு பலமுறை மாறியும், எங்கள் உறவினர் இல்லங்களில் தமிழ் மாறவில்லை.

அங்கே என் அத்தையார் வாழ்கிறார். மாமா குடியினால் மறைந்தவர். அதன்பின் அவ்வீட்டினுள் மதுப்புட்டி நுழைந்ததில்லை. சென்ற கோடையில் நான் போயிருந்தபோது, பெங்களூரில் பணிபுரியும் பேரன் இரண்டு புட்டிகளுடன் வந்தான். “சாராயச் சத்து இல்லாத பீர், அப்பத்தா” என்றான். அத்தையார் முகம் கறுத்தது. “நீயே பார்த்துச் சொல், கண்ணு” என்று என்னை நடுவராக்கிவிட்டார்.

நடுவரென்றால் முறை வேண்டுமல்லவா? பெயர்ச்சீட்டை மறைத்து, இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி எண்ணிட்டோம். முதலில் நிறமும் நுரையும்; அடுத்து மணம்; பின்னரே சுவை. இடையிடையே தண்ணீரால் வாய் கொப்பளித்தோம். மிகக் குளிர்ந்திருந்தால் குறைகள் மறைந்துவிடுமாதலால், சற்று நேரம் வெளியில் வைத்திருந்தோம்.

முதலாவதில் வேகவைத்த தானியத்தின் பச்சை மணமும் மிகுந்த இனிப்பும் இருந்தன. நொதித்தலை இடையில் நிறுத்திவிட்டால் இக்குறை எழும். இரண்டாவதில் ஹாப்ஸ் பூவின் கசப்பு அளவாக இருந்தது. ஆனால் நாவில் தண்ணீர்போல் மெலிந்து நின்றது. முழுதும் நொதிக்கவைத்துப் பின்னர்ச் சாராயச் சத்தைப் பிரித்தெடுக்கும்போது பானத்தின் கனமும் குறைந்துவிடுகிறது. எனினும் இரண்டாவதே மேல் என்றேன்.

“இதை எதனால் செய்கிறார்கள்?” என்று வினவினார் அத்தையார்.

“முளைகட்டிய பார்லியால்” என்றேன். அவர் வியந்தார். அவர் வீட்டிலும் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து மாவாக்குகிறார்கள். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பிறக்கின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. 1950ஆம் ஆண்டில் மைசூரில் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், கேழ்வரகை முளைகட்டும் முறைகளை அறிஞர்கள் நெடுநாள் ஆராய்ந்திருக்கின்றனர்.

“அப்படியானால் நம் கேழ்வரகுப் பானமே போதாதா?” என்றார்.

பேரன் தலைகுனிந்தான். நண்பர்களோடு குடிக்கத் தொடங்கி, இப்போது விட முயல்வதாகவும், கூட்டத்தில் வெறுங்கையுடன் நிற்கக் கூசியே இதனை வாங்குவதாகவும் மெல்லக் கூறினான்.

வீட்டில் சிறிது நேரம் பேச்சில்லை. பழக்கத்தை விட முயல்வோருக்கு இதன் மணமும் தோற்றமுமே பழைய வேட்கையைத் தூண்டக்கூடும் என்று மருத்துவர் எச்சரிப்பதை நான் எடுத்துரைத்தேன்.

அத்தையார் இறுதியில் சொன்னார்: “உன் தாத்தா என்னிடம் மறைத்தே அழிந்தார். நீ சொல்லிவிட்டாய்; அது போதும். தனியே குடிக்காதே. மனம் தடுமாறினால் முதலில் எனக்குச் சொல்.” பின்னர் அவன் கையில் கேழ்வரகுப் பானத்தைக் கொடுத்தார்.

அயலூர்களில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். இந்தியச் சட்டப்படி 0.5 விழுக்காட்டுக்கு மேல் சாராயச் சத்திருந்தால்தான் அது மதுபானம். ஆகவே ‘இல்லாதது’ என்பதில் சிறிது இருக்கவும் கூடும். சீட்டையும் சர்க்கரை அளவையும் படித்து வாங்குங்கள். புட்டியைக் கண்டதும் சினந்துவிடாமல், பிள்ளை சொல்ல வருவதையும் கேளுங்கள். அன்று இராமாபுரத்தில் நான் கண்ட சிறந்த தீர்ப்பு என்னுடையதன்று, அத்தையாருடையதே.