காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பறவைகள்



பல்லடத்தில் பறவை என்று சொன்னால் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது கறிக்கோழியின் கிலோ விலைதான். கோழிப் பண்ணைகளால் பெயர்பெற்ற ஊர் இது. பண்ணைக் கொள்முதல் விலையை இங்குள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பதை வியாபாரிகள் காத்திருந்து கேட்பார்கள். விசைத்தறி ஓசையும் தீவன லாரிகளும் நிறைந்த இவ்வூரில் கணவனும் மனைவியுமாக நாங்கள் கணினி கற்பித்து வருகிறோம். டேலி, எக்செல், ஜிஎஸ்டி கணக்கு, பைதான் ஆகியவை எங்கள் பாடங்கள். பகலில் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். மாலையில் பனியன் கம்பெனி வேலையை முடித்துவிட்டு இளைஞர்கள் வருவார்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதும் யாரேனும் ஒருவரின் சந்தேகத்தைத் தீர்ப்பதில் கழிந்துவிடும்.

ஞாயிறு காலையில் மட்டும் நாங்கள் வகுப்பு வைப்பதில்லை. அன்று ஃபஜ்ர் தொழுதுவிட்டு, பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பறவை பார்க்கச் சென்றுவிடுவோம்.

மாணவர் ஒருவரின் தந்தை இதுபற்றி எங்களிடம் நேராகவே கேட்டார். "மில்லில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒரு நாள்தானே பாய் விடுமுறை? அந்தக் காலையில் ஒரு வகுப்பு எடுத்தால் உங்களுக்கும் வருமானம், அவர்களுக்கும் நன்மை. குருவி பார்த்து என்ன ஆகப் போகிறது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. லுஹருக்குப் பின் தொடங்கி அஸ்ருக்குள் முடியும்படி ஒரு ஞாயிறு வகுப்பை ஏற்படுத்தினோம். காலை நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க எங்களால் இயலவில்லை. பிற்பகல் நேரம் ஒத்துவராத சிலர் வேறிடம் சென்று சேர்ந்தார்கள். அந்தக் கட்டணம் எங்களுக்குச் சிறிய தொகையன்று. ஆகவே அவருடைய கேள்விக்கு விடை தேடுவது எங்கள் கடமையாயிற்று.

நாங்கள் அடிக்கடி செல்லும் இடம், திருப்பூரைத் தாண்டி ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம். நல்லாற்று நீரைத் தேக்கும் பழைய ஏரி அது. ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்புடையது. தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. கூழைக்கடாவும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் அங்குண்டு. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து இறங்கும். மங்கோலியா, திபெத் மேட்டுநிலங்களிலிருந்து இமயமலையைக் கடந்து தெற்கே வரும் வரித்தலை வாத்தையும் இக்குளத்தில் கண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொன்னபோது எங்கள் இளையவள், "அத்தா, இதற்கு வழி யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். தங்களுக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றை மனிதர்கள் பார்க்கவில்லையா, அளவற்ற அருளாளனைத் தவிர அவற்றைத் தாங்கிப் பிடிப்பவர் எவருமில்லை என்னும் கருத்தை அல்முல்க் அத்தியாயம் (67:19) கூறுகிறது. நாங்கள் பல ஆண்டுகளாக ஓதிவரும் அத்தியாயம் அது. குழந்தையின் கேள்விக்குப் பிறகு அவ்வசனத்தை ஓதும்போது எங்களுக்குக் குளக்கரை நினைவுக்கு வருகிறது. இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் (6:38) உணர்த்துவதும் அவ்வாறே.

குளக்கரையில் கைப்பேசி பைக்குள் இருக்கும். பார்த்தவற்றைச் சிறு நோட்டில் குறித்துக்கொண்டு, வீடு திரும்பிய பின் இ-பேர்டு தளத்தில் பதிவு செய்வோம். அந்தப் பட்டியல் எக்செல் வகுப்பில் நல்ல பயிற்சியாகவும் உதவுகிறது. ஆயினும் அந்தப் பயனைச் சொல்லி எங்கள் ஞாயிற்றுக்கிழமையை நியாயப்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பயன் காட்டியே தீரவேண்டும் என்னும் பழக்கம் வாரத்தின் ஆறு நாட்களிலும் எங்களை ஆள்கிறது.

பறவையியலறிஞர் சாலிம் அலியின் (1896–1987) வாழ்வில் எங்கள் தொழிலுக்கு நெருங்கிய ஒரு செய்தி உண்டு. மும்பையில் சுலைமானி போஹ்ரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், 1917இல் தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அக்காலத்திலேயே செயின்ட் சேவியர் கல்லூரிக்குச் சென்று விலங்கியலும் கற்றார். 1930இல் ஜெர்மனியிலிருந்து திரும்பியபோது அவர் பார்த்துவந்த அருங்காட்சியக வேலை பணப் பற்றாக்குறையால் இல்லாமற்போயிருந்தது. மனைவி தஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி பின்னி நிறுத்துகிறது; பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியை முடிக்கிறது; பின்னர் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. இதை அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். தறி ஓடும் எங்கள் ஊர்ப்புறக் கிணற்றோரங்களிலும் பனைகளிலும் அந்த நெசவாளிகளின் கூடுகள் இன்றும் தொங்குகின்றன. கோவை ஆனைகட்டியில் 1990இல் அமைந்த பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

அந்தத் தந்தையின் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை, நாம் அனைவரும் நன்கறிந்த ஒரு நபிமொழியில் இருந்தது. அல்லாஹ்வின் மீது முறையாக நம்பிக்கை வைத்தால் பறவைகளுக்கு உணவளிப்பது போல நமக்கும் அளிப்பான் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், காலையில் பசியோடு புறப்பட்டு மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் அவற்றை எடுத்துக்காட்டினார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதியில் உள்ளது. உழைப்பை வலியுறுத்தும்போது நாம் புறப்படுவதைப் பற்றிப் பேசுகிறோம். திரும்புவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. குளக்கரையில் நின்று பார்த்தால் இரண்டும் சம அளவில் கண்ணில் படுகின்றன. எந்தக் கொக்கும் நாளைக்கும் மறுநாளைக்கும் சேர்த்து இரை தேடிக்கொண்டு இருட்டில் நிற்பதில்லை.

உடலுக்கும் குடும்பத்துக்கும் நம்மீது உரிமை உண்டு என்று சல்மான் (ரலி) தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்ததும், அதை நபி (ஸல்) அவர்கள் உண்மையென்று ஏற்றதும் புகாரியில் பதிவாகியுள்ளன. அபூ உமைர் என்னும் சிறுவனிடம் அவன் வளர்த்த குருவி என்னவாயிற்று என்று அன்போடு விசாரித்தவர்களும் அதே நபிதான். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய அவர்களுக்கு, ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. வீட்டு மாடியில் கால் மணி நேரம் நின்று பார்த்ததைப் பதிவு செய்தாலே போதும், கட்டணம் ஏதுமில்லை. எங்களிடம் கேள்வி கேட்ட அந்தத் தந்தையையும் அவர் பேரனையும் இவ்வாண்டு உடன் வருமாறு அழைத்திருக்கிறோம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.