சித்தவட்டத்தில் கண்டதை ஆடியவர்கள்

குச்சிப்புடியின் தோற்றத்தைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் சித்தேந்திர யோகியிடமிருந்தே தொடங்குகின்றன. கிருஷ்ணா நதிப் படுகைச் சிற்றூர் ஒன்றில் அந்தணச் சிறுவர்களுக்கு 'பாமா கலாபம்' கற்பித்த கிருஷ்ண பக்தர் என்பது மரபுவழிச் செய்தி. புத்தலப்பட்டிலிருந்து இம்மரபை நோக்கும் எனக்கு மாச்சுப்பல்லி கைபீயத்தே முதன்மையாகப் படுகிறது. அது காட்டும் களம் எங்களுக்கு வடக்கே, பெண்ணாற்றங்கரையிலுள்ள சித்தவட்டம்.

அதன்படி, சம்மெட குருவராஜு என்னும் அதிகாரி வரிக்காகப் பெண்களையும் வதைத்தான். அவ்வழியே சென்ற ஆட்டக் குழுவினர் அதைக் கண்டனர். விஜயநகர மன்னர் வீர நரசிம்மரின் முன்னிலையில் அதையே நாடகமாக ஆடினர். ஒருவர் குருவராஜுவாகவும் மற்றொருவர் வதைபடும் பெண்ணாகவும் தோன்றினர். செய்தியுணர்ந்த மன்னர் படையனுப்பி அவனைத் தண்டித்தார்.

இதற்குப் பலரும் 1502 என ஆண்டு குறிக்கின்றனர். வீர நரசிம்மர் அரியணை ஏறியதோ 1505இல்! கைபீயத்துகளும் பிற்காலத்தில், காலின் மெக்கன்சியின் முயற்சியால் திரட்டப்பட்டவை. எனவே இதை நேரடிச் சாட்சியமாகக் கொள்ள இயலாது. எனினும், ஆட்டக்காரர் மன்னரிடம் முறையிட வல்லவர் என்று ஊர்மக்கள் நம்பியதற்கு இது சான்று. எனக்கு அதுவே பெரிது.

அந்த வல்லமை பேச்சில் இருந்தது. பாத்திரங்கள் பிரவேச தருவோடு நுழைந்து தம்மைத் தாமே அறிமுகம் செய்வர்; சூத்திரதாரர் இடைமறித்துக் கேள்வி கேட்பார். கணவன் பெயரைச் சொல்ல நாணும் சத்தியபாமாவை மாதவி விடாமல் சீண்டும் உரையாடல், அபிநயத்திற்கு நிகரான உயிர்நிலை. தஞ்சைப் பகுதி மெலட்டூரிலும் வேங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களை ஆடவரே பேசியும் பாடியும் நடிக்கின்றனர். கொடுங்கோல் தந்தையை எதிர்க்கும் பிரகலாதன் கதை நரசிம்ம ஜெயந்தியில் ஆடப்படுகிறது.

1963இல் வெம்பட்டி சின்ன சத்யம் சென்னையில் அகாதெமி நிறுவிய பின் குச்சிப்புடிக்கு உலக மேடைகள் திறந்தன. பெண்கள் பெருமளவில் ஆட வந்தனர். அவற்றை இழப்பெனச் சொல்லும் பழமைவாதம் எனக்கு உடன்பாடன்று. ஆனால் தனியாட்டமாகச் சுருங்கிய வடிவில் வாசிகம் பெரிதும் ஒடுங்கியது. தாம்பாளத்தின் விளிம்பில் நின்றாடும் தரங்கத்திற்கு அரங்கு அதிர்கிறது; மாதவியின் குறும்பு கேட்கும் வாய்ப்போ அரிது.

சித்தூர்ப் பகுதித் திரௌபதி அம்மன் விழாக்களின் தெருக்கூத்தை ஆய்வோர் கட்டியங்காரனின் வசனங்களையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டுகிறேன். நம் ஆய்வேடுகளில் அடவுகளுக்கு அட்டவணை உண்டு; வசனத்திற்குப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்புதான்.