வெள்ளிச் சந்தையில் வைஃபை பெட்டி

பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. அங்கே பழைய சாமான் வரிசையில் தார்ப்பாய் விரித்து ரூட்டர் விற்கிறார் ஒருவர். ரிமோட், சார்ஜர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். ரூட்டர்களை மட்டும் துடைத்து, ஆன்டெனாவை நிமிர்த்தி வரிசையாக வைத்திருப்பார். டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா, நெட்கியர் என்று பல கம்பெனிப் பெட்டிகள் அதில் இருக்கும். பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலத்து ஏடிஎஸ்எல் மோடம் ஒன்றும் ஓரமாக இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை, தூக்கிப்போட மனம் வரவில்லை என்றார்.

முன்பு கேபிள் டிவி லைன்மேனாக இருந்தவர். குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை மாடிக்கு மாடி ஒயர் இழுத்த கை அது. "வீட்டுக்குள்ள எங்க சிக்னல் நிக்கும், எங்க நிக்காதுன்னு எனக்குத் தெரியும் சார். அத வச்சுத்தான் வியாபாரம்" என்றார்.

வெட்டவெளிச் சந்தையில் கரண்ட் ஏது? யுபிஎஸ்ஸுக்குப் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றைப் பையில் கொண்டுவருகிறார். 9 வோல்ட் ரூட்டர்களுக்காக வோல்ட்டேஜைக் குறைத்துக்கொடுக்கும் சிறிய போர்டு ஒன்றை டேப் சுற்றி அதோடு இணைத்திருக்கிறார். பெட்டியில் லைட் வந்ததும் சாண் நீள லேன் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை முதல் போர்ட்டிலும் மறுமுனையை இரண்டாவதிலும் செருகுகிறார். இரண்டு விளக்கும் எரிந்தால் இரண்டு போர்ட்டுக்கும் உயிர் இருக்கிறது. அடுத்து மூன்றும் நான்கும். லேப்டாப் இல்லாமல், நின்ற இடத்திலேயே, வாங்குகிறவரின் கண்ணெதிரே சோதனை முடிகிறது. கடைசியில் செல்போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் பார்க்கிறார்.

அது எதற்கு என்று கேட்டேன். "தண்ணி பட்ட சரக்கான்னு பாக்கறேன். உள்ள பின்னுல பச்சை பூத்திருந்தா தொட மாட்டேன்." 2015 டிசம்பர் வெள்ளத்தில் வந்த பழக்கமாம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து, அடையாறு கரைமீறி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் நுழைந்த சமயம் அது. டிவி ஸ்டாண்டில் இருந்த ரூட்டர்களெல்லாம் மூழ்கின. காயவைத்ததும் சில வேலை செய்தன. நம்பி விற்றார், சில வாரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஈரம் போனாலும் சேற்றுநீரின் உப்பு போர்டிலேயே தங்கி, தாமிரத் தடங்களை மெல்ல அரித்துவிடும். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னார்.

வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டியவர்கள், இல்லையென்றால் அதில் குடியிருப்பவர்கள். கீழ்வீட்டில் ஃபைபர் பெட்டி இருக்கும். சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே வருவதற்குள் சோர்ந்துவிடும். வேகம் கூடிய 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவுக்குக்கூடச் சுவரைத் துளைக்கும் தெம்பு கிடையாது. அதனால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, முனையில் பழைய ரூட்டர் ஒன்றை மாட்டுகிறார்கள். அதில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும், பெட்டியின் ஐபி முகவரியை மாற்ற வேண்டும், கேபிளை இன்டர்நெட்டுக்கான வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். இந்த மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கிறார். பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் பல பழைய மாடல்களில் கேபிள் வழியாக 100க்கு மேல் வராது என்பதையும் விற்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். புதிய பெட்டி விற்கும் பல கடைகளில் இதை நான் கேட்டதில்லை.

அவர் கையில் சரியாகாத பெட்டிகள் மேற்கு தாம்பரத்துக்குப் போகின்றன. சண்முகம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் கணவனும் மனைவியும் நடத்தும் சின்ன சர்வீஸ் கடை அது. சால்டரிங் வேலை முழுக்க அந்த அக்காவுடையது. கல்யாணத்துக்கு முன்பு சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் போர்டு அசெம்பிளி லைனில் இருந்தவர். 1984இல் தொடங்கிய அந்த வளாகம் இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்குக் கைத்தொழில் கொடுத்திருக்கிறது. அந்தக் கைத்தொழிலை அவர் மேசையில் பார்த்தேன்.

"மொதல்ல ரூட்டரத் திறக்கவே மாட்டேன் சார், அடாப்டரத்தான் பார்ப்பேன்" என்றார். மல்டிமீட்டரை வைத்தார். சரியாக 12 வோல்ட் காட்டியது. அடுத்து, பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை அடாப்டரோடு கோத்தார். பல்பு மங்கலாக எரிந்தது, மீட்டரில் எண் 8க்கு இறங்கிவிட்டது. அடாப்டருக்குள் கெபாசிட்டர் உப்பிவிட்டது என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட்டேஜ் காட்டும், சுமை ஏறினால் படுத்துவிடும். இப்படிப்பட்ட அடாப்டரில் ரூட்டர் விளக்கெல்லாம் எரியும். இரண்டு மூன்று போன் சேர்ந்து இணைந்தால் அணைந்து அணைந்து எரியும். வீட்டுக்காரர் ரூட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி எடைக்குப் போட்டுவிடுவார். பழுதோ சில ரூபாய் கெபாசிட்டரில்.

உண்மையிலேயே செத்து வருகிறவற்றில் முன்பெல்லாம் இடி தாக்கியவை அதிகமாம். மொட்டைமாடி வழியாகத் தாமிர லேன் கேபிள் இழுத்து இன்டர்நெட் கொடுத்த காலத்தில், பக்கத்தில் மின்னல் விழுந்தாலே போதும், கேபிளில் பாயும் மின்சாரம் வேன் போர்ட்டைக் கருக்கிவிடும். ஃபைபரில் ஓடுவது ஒளி. அதனால் அந்தக் கேஸ் குறைந்துவிட்டது.

ஃபைபரோடு வேறொரு சிக்கல் வந்தது. இணைப்புக் கொடுக்கிற கம்பெனியே ரூட்டரும் மோடமும் சேர்ந்த பெட்டியைக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது அந்தக் கம்பெனிக்கே சொந்தம். உள்ளே இருக்கும் மென்பொருள் பூட்டப்பட்டிருக்கும், வேறு இணைப்புக்கு உதவாது. இணைப்பைத் துண்டித்த பிறகு சில கம்பெனிகள் வந்து எடுத்துப்போகின்றன, சில வருவதே இல்லை. பெட்டி பரணுக்குப் போய், வீடு காலி செய்கிற அன்று காயலான்கடைக்குப் போகிறது. சந்தைக்காரர் இவற்றைத் தொடுவதில்லை. "அது கம்பெனி சொத்து. வாங்கினா வம்பு, வித்தா பிரயோஜனமில்ல" என்றார். அக்காவும் அதையேதான் சொன்னார்.

எனக்கு இது பொறுக்கவில்லை. ரேடியோ நன்றாக இருக்கிறது, போர்ட் நன்றாக இருக்கிறது, மாடிவீட்டுக்கு இன்னும் ஐந்து வருடம் உழைக்கும். பூட்டு ஒன்றுக்காக அது குப்பையாகிறது. பூட்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் நாம் பார்த்ததுதான். லிங்க்சிஸ் கம்பெனி தன் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் மூலநிரலை வெளியிட வேண்டிவந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரூட்டர் மென்பொருள் பிறந்தது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ மாடல்கள் இன்றும் அதில் ஓடுகின்றன. குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் இதற்காகவே சந்தைக்கு வந்து மாடல் எண் பார்த்து வாங்குகிறார்கள். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழையவற்றில் புதிய பதிப்பு கொள்ளாது என்று விற்பவருக்கு அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சியைத் தயாரிப்பாளரின் பொறுப்பாக்கியிருக்கின்றன. இணைப்பு முடிந்த பெட்டியைக் குறித்த நாளுக்குள் திரும்ப எடுக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வரியும் சேர்க்கப்பட வேண்டும். சரிசெய்ய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. சந்தையில் ஒரு ரூட்டரை உயிர்ப்பித்தபோது, முன்பு வைத்திருந்தவரின் வீட்டுப் பெயரோடு வைஃபை எழுந்துவந்தது. பாஸ்வேர்டும் இணைப்பின் யூசர் ஐடியும் உள்ளேயே இருந்தன. 2023இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்த பழைய அலுவலக ரூட்டர்கள் 16இல் 9 பெட்டிகளில் அழிக்கப்படாத நிறுவன விவரங்கள் இருந்தன. இந்தச் சந்தைக்காரர் ஒவ்வொன்றையும் ரீசெட் செய்துதான் விற்கிறார். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பி விட்டுவிட முடியாது.

ஆகவே, பழைய ரூட்டரைக் கொடுக்கும்போது பின்பக்கத்து ரீசெட் பட்டனை ஊசியால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அதன் சொந்த அடாப்டரைக் கூடவே கட்டிக் கொடுங்கள். வாங்குகிறவர் என்றால், அப்டேட் நின்றுபோன மாடலை நேராக இன்டர்நெட்டில் மாட்டாமல், கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் மாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரத்துக்கு எடுத்துப் போங்கள்.