புத்தகத்தில் யார் பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

காலி வீதியிலும் மரைன் டிரைவிலும் நான் ஓட்டித் திரியும் சின்னச் சிவப்பு ஹொண்டாவைப் பற்றி இரண்டு மாதமாகப் பலர் கேட்கிறீர்கள். "சேர், எங்க எடுத்தீங்க? எவ்வளவு முடிஞ்சது? எங்களுக்கும் ஒன்று பார்த்துத் தருவீங்களா?" பள்ளிவாசலில் கேட்டவர்களுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

இது ஹொண்டா சீ 50. நம்ம ஊரில் 'ஹொண்டா ஃபிப்டி'. ஜப்பானில் 1958 ஓகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப் வரிசையைச் சேர்ந்தது. 49 சீசீ, மூன்று கியர். கையில் கிளட்ச் கிடையாது, காலால் மிதித்தால் கியர் மாறும். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும் சாப்பாட்டுக் கடைப் பையனும் மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். 2017இல் இந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கொழும்பில் பெருகிய ஜப்பான் வண்டிகளில் இதுவும் ஒன்று.

எனக்கு இதன் மேல் கண் விழுந்தது 2022இல். அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றார்கள். ஹொண்டா ஃபிப்டியின் டேங்க் கொள்வதே ஏறத்தாழ 3 லீற்றர்தான். வீட்டிலிருந்து ஸ்கூலுக்கும் ஸ்கூலிலிருந்து வீட்டுக்கும் எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தெமட்டகொடைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் கிடந்தது. கிடந்தது என்றால் வண்டியாக இல்லை. ஃபிரேம் சுவரில் தொங்கியது. எஞ்சின் ஒரு எண்ணெய் டின்னுக்குள். மீதியெல்லாம் மூன்று அரிசிச் சாக்கில். விலை 65,000 ரூபாய். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆனால் விற்பவரின் பெயரில் இல்லை. அவருக்கு விற்றவரின் பெயரிலும் இல்லை. 1979இல் பதிந்த வெள்ளவத்தைத் தமிழர் ஒருவரின் பெயர் அப்படியே இருந்தது. கூடவே கையெழுத்து மட்டும் போட்ட, வேறெதுவும் நிரப்பாத பழைய படிவம் ஒன்று.

இதைத்தான் நாம் 'ஓப்பன் பேப்பர்' என்கிறோம். நம்மில் எத்தனை பேரின் வண்டி இப்படி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது ஏதோ சின்ன விஷயம் மாதிரிப் பேசுகிறோம். வண்டி ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போனால் பொலிஸ் முதலில் தேடுவது புத்தகத்தில் பெயருள்ளவரைத்தான். அவர் வண்டியைக் கண்டு இருபது வருடம் ஆகியிருக்கும். அவர் மௌத்தாகியிருந்தால் அந்த வீட்டுக்காரர்தான் பதில் சொல்லித் திரிய வேண்டும். வாங்கினவருக்கும் நிம்மதி இல்லை. காப்புறுதிப் பணம் கேட்கப் போனால் பெயர்ப் பிரச்சினை, விற்கப் போனால் பெயர்ப் பிரச்சினை.

எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. 1979இல் பதிந்தவர், வெள்ளவத்தைக்காரர், தமிழர். நடுவில் 1983 ஜூலை வருகிறது. அவர் இதை விற்றாரா, விட்டுவிட்டு ஓடினாரா? விட்டுவிட்டு ஓடிய பொருள் என்றால் எத்தனை கை மாறினாலும் அது அவருடைய ஹக்தானே.

விற்பவரிடம் 10,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். "புத்தகத்தில் இருப்பவரைக் கண்டுபிடித்த பிறகு மீதி. அதுவரை சாக்கைத் திறக்க மாட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

புத்தகத்திலிருந்த விலாசத்தில் இப்போது ஆறு மாடி அபார்ட்மென்ட். அந்த ஒழுங்கை முனையிலுள்ள சில்லறைக் கடைப் பெரியவருக்கு மட்டும் பெயர் நினைவிருந்தது. "அவங்க 83க்குப் பிறகு கொட்டாஞ்சேனைப் பக்கம் போயிட்டாங்க" என்றார். கொட்டாஞ்சேனையில் என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் கோவிலிலும் சேர்ச்சிலும் விசாரித்து மூன்று கிழமையில் ஒரு சொந்தக்காரரைப் பிடித்துத் தந்தார். குடும்பம் கனடாவில். வண்டிக்காரர் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல். மகன் வாட்ஸ்அப்பில் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்பா உதைப் பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆக்களிட்ட விட்டிட்டு வந்தவர் எண்டு தெரியும். பிறகு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேக்க வேணும்."

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே எடுத்தார். எண்பது கடந்தவர். குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, அது வித்ததுதான். நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்தாப் பிறகு அந்த மனுசன் தேடி வந்து கேட்டவர், வித்துத் தரட்டோ எண்டு. இவர் ஃபோமில கையெழுத்து வைச்சுக் குடுத்தவர். காசு ரெண்டு தரமாக் கொண்டு வந்து தந்தவர். ஒரு சதம் குறையேல்லை. நீங்கள் யோசியாதேங்கோ." பிறகு கேட்டார், "இப்ப ஸ்டார்ட் வருதோ?"

இன்னும் சாக்கையே திறக்கவில்லை என்றேன். "அப்ப திறவுங்கோவன்" என்றார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. ஊர் எரிந்த ஜூலையில் ஒருவரின் வண்டியை வைத்துக் காப்பாற்றி, விற்று, காசைச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர். அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும். அவருக்குப் பின் அந்தப் படிவத்தை வாங்கிய ஒருவரும் அதை நிரப்பவில்லை. நாற்பது வருடமாக அமானிதம் பாதியில் நின்றிருக்கிறது.

மீதிக் காசைக் கொடுத்துவிட்டு அன்றே சாக்குகளை எடுத்து வந்தேன்.

வேலை கொம்பனித்தெருவில் ஒரு மலே பாஸிடம். எழுபது வயது. நான் முதலில் கேட்டது பெயின்டைப் பற்றி. "சேர், பெயின்ட் கடைசி. முதல்ல நம்பர் பாருங்க, பிறகு எஞ்சின்" என்றார். ஃபிரேமிலும் எஞ்சினிலும் அடித்திருந்த இலக்கங்களைத் தேய்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். இரண்டும் சரி. துண்டாக வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மூன்று வண்டியைச் சேர்த்து ஒரு வண்டி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டனும் ரிங்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். ஒயில் சீல், கேஸ்கெட், செயின் எல்லாம் அங்கேயே. முன்பக்கக் கால் மறைப்பு வெடித்திருந்தது, அதற்கு மட்டும் நான்கு மாதம் அலைந்தேன். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். தலைமயிர் பருமன்கூட இல்லை. பொயின்ட் இடைவெளி 0.3க்கும் 0.4க்கும் இடையில். பாஸ் அளவு தகட்டை விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். இறுகக் கூடாது, வழுக்கவும் கூடாது. ஒரு பின்னேரம் முழுக்க அதைத்தான் படித்தேன். நம்ம பகுதிக்காரருக்கு ஒரு சொல்: கடற்காற்று ஃபிரேமை உள்ளிருந்துதான் தின்னும். பெயின்டுக்கு முன் உள்ளே துரு எடுக்காவிட்டால் இரண்டே மழையில் குமிழி வரும்.

செலவு? வாங்கிய விலையைப்போல் இரண்டரை மடங்கு. லாபம் பார்த்து இறங்குகிறவர்கள் வேறு வேலை பாருங்கள்.

பேப்பர் வேலைதான் எஞ்சினை விட நீண்டது. இறப்புச் சான்றிதழ், குடும்பத்தாரின் சம்மதப் பத்திரங்கள், டொரொன்டோவிலுள்ள இலங்கைக் கொன்சல் அலுவலகத்தின் அத்தாட்சி, பழைய நிலுவை, புகைப் பரிசோதனை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. கடைசியில் என் பெயரில் புத்தகம் வந்தது. நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கம் அப்படியே இருக்கிறது. 1957இல் அந்த எழுத்து வந்தபோது தமிழர்கள் தார் பூசிப் போராடியது வரலாறு. அந்தத் தகட்டோடுதான் அந்த வெள்ளவத்தைக்காரரும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அவர் மகனிடம் "இலக்கத்தை மாற்றவில்லை" என்றேன். "மாத்தாதேங்கோ, எனக்கு அது பாடம்" என்று முழு இலக்கத்தையும் சொன்னார்.

ஸ்டார்ட் வந்த அன்று ஒரு சின்ன வீடியோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். "சத்தம் அதேதான்" என்று பதில் வந்தது.

எனக்கும் ஒன்று பார்த்துத் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். பார்த்துத் தருகிறேன். அதற்கு முன் இப்போது வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேறொருவர் பெயர் இருந்தால் இந்த மாதமே அவரைத் தேடிப் போங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தோடு முடிகிற வேலை அது.